பனிமலைப் பயிற்சிக்கு எந்த மாதம் போவது? கடலூர்ப் பக்கத்துக் கணக்கு

பேசிக் மவுண்டனியரிங் கோர்ஸ் (மலையேற்ற அடிப்படைப் பயிற்சி) முடித்துவிட்டு வந்ததிலிருந்து தேவனாம்பட்டினம் பீச்சில் ஓட வருகிற பசங்க கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்த மாசம் போனா நல்லது?" என்பதுதான். கேட்கிறவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருப்பது அங்கே வானிலை எப்படி இருக்கும் என்பதை மட்டும். நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். அந்த மாதத்தில் பயிற்சி நடக்கும் பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் ஐஸ் பரப்பு, எந்த நிலையில் இருக்கும், அதற்கு முந்தைய மூன்று மாதம் நம்ம ஊரில் ஒழுங்காக உடம்பைத் தயார் செய்ய முடியுமா.

உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி, பஹல்காம் என்று எந்த நிறுவனத்தை எடுத்தாலும் இந்த கோர்ஸ் ஏறக்குறைய நான்கு வாரம். உத்தரகாசியில் மழைக்கு முன், அதாவது ஏப்ரலிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஒரு சீசன். மழை விட்டபின் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இன்னொன்று. நடுவில் ஜூலை, ஆகஸ்ட்டில் உத்தரகாசி பக்கம் மலை சரிந்து விழுந்து ரோடு அடைபடுவது வழக்கம், அதனால் அந்த மாதங்களை யோசிக்கவே வேண்டாம்.

மழைக்கு முந்தைய சீசனில் குளிர்காலப் பனி நிறைய மிச்சமிருக்கும். முதல்முறை போகிறவருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் நாம் அங்கே கற்கும் முக்கியமான பாடமே விழுவதுதான்: சரிவில் வேண்டுமென்றே சறுக்கி, உருண்டு, ஐஸ் ஆக்ஸின் (பனிக்கோடரியின்) கூர்முனையைப் பனியில் அழுத்தி உடம்பை நிறுத்துவது. குப்புற விழு, மல்லாக்க விழு, தலைகீழாக விழு என்று இன்ஸ்ட்ரக்டர் மாற்றி மாற்றிச் சொல்வார், மெத்துமெத்தென்ற பனி இருந்தால் பயமில்லாமல் விழலாம். பூட்ஸால் உதைத்துப் படி போடுவதும் அப்போதுதான் கைவரும், சரியாகச் சொன்னால் கால்வரும். தொந்தரவும் உண்டு. வெயில் ஏற ஏறப் பனி இளகி முழங்கால் வரை புதையும், அதனால் உயரம் ஏறும் நாளன்று நள்ளிரவு தாண்டியதும் எழுப்பிவிட்டு, பனி இறுகியிருக்கும்போதே ஏற்றி, முற்பகலுக்குள் இறக்கிவிடப் பார்ப்பார்கள். மதியம் மேகம் கூடிவிடும். பனியாற்றில் இருக்கும் ஆழமான பிளவுகளின் மேல் பனி மூடியிருப்பதால் எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. கயிறில் கோத்துத்தான் நடக்க வேண்டும், இன்ஸ்ட்ரக்டர் போட்ட தடத்தை விட்டு விலகவே கூடாது.

மழைக்குப் பிந்தைய சீசனில் கதையே வேறு. கோடையில் மேல்பனி உருகிப் போயிருக்கும், அடியில் கெட்டியான நீல ஐஸ் வெளியே தெரியும். கிராம்பானின் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களின்) முன்பற்களைக் குத்தி ஏறுவது, கயிறு மாட்ட ஐஸில் திருகும் ஐஸ் ஸ்க்ரூ போடுவது, படி வெட்டுவது எல்லாம் பழக இதுதான் நல்ல நேரம். பிளவுகளும் வாய் திறந்து கிடக்கும், பார்த்துக் கற்கலாம். வானம் பளிச்சென்று இருக்கும்; டார்ஜிலிங் நிறுவனத்தில் அக்டோபரில் படித்த என் தோழி கஞ்சன்ஜங்காவைப் பார்த்த பெருமையை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் குளிர் கடுமை, பொழுது சுருக்கம், பனி குறைந்த இடங்களில் கல் உருளும். தெளிவான வானம் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி பக்கத்துத் திரௌபதி கா டண்டா இரண்டாம் சிகரத்துக்குப் போன அட்வான்ஸ்டு கோர்ஸ் (பேசிக்குக்கு அடுத்த நிலை) குழுமேல் பனிச்சரிவு விழுந்து 25க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்த சீசனில்தான். பேசிக் கோர்ஸில் அவ்வளவு உயரம் ஏற்ற மாட்டார்கள், இருந்தாலும் புதுப் பனி விழுந்த அடுத்த நாள் சரிவுக்குப் போக வேண்டாம் என்று தடுத்தால் முணுமுணுக்காதீர்கள்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதம். தானே 2011 டிசம்பரில், ஃபெஞ்சல் 2024 நவம்பரில். தெருவில் தண்ணீர் நிற்கும்போது எங்கே ஓடுவது? மார்கழிப் பாதியிலிருந்து மாசி வரைதான் விடியலில் ஓட சுகம், அதுவே ஏப்ரல் பேட்ச்சுக்குச் சரியான தயாரிப்புக் காலம். செப்டம்பர் பேட்ச் என்றால் கத்திரி முடிந்த கையோடு ஜூன், ஜூலை வேக்காட்டில் தயாராக வேண்டும், பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் மட்டும் போதாது, பதினைந்து கிலோவுக்கு மேல் சுமையோடு ஏற வேண்டியிருக்கும். நமக்கு மலை கிடையாது, செஞ்சிக் கோட்டைதான் கதி. பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து அங்கே ராஜகிரி மலை ஏறுங்கள், உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் முட்டி தப்பும். டிக்கெட் கவுன்டர் திறப்பதற்குள்ளேயே வெயில் ஏறிவிடுவதால் தை, மாசியில்தான் இது நடக்கிற காரியம், மே மாதம் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது.

உயரத்தில் காற்று மெலிவதற்கு மட்டும் இங்கே பயிற்சி இல்லை. அது அங்கே போய் மெதுவாக ஏறுவதில்தான் இருக்கிறது. நான் உத்தரகாசி நிறுவனத்தில் போனபோது தேல், குஜ்ஜர் ஹட் என்று முகாம் முகாமாக ஏற்றி டோக்ரியானி பனியாற்றுக்குக் கொண்டுபோனார்கள். வேகமாக ஓடுகிற பையன்தான் முதலில் தலைவலி என்று படுத்தான். தலைவலி, வாந்தி வந்தால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள், எந்த சீசனானாலும்.

பயணம்: சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அப்புறம் ரிஷிகேஷ் வழியாக உத்தரகாசிக்கு பஸ். அட்சய திருதியை அன்று கங்கோத்ரி கோயில் நடை திறந்தபின் அந்த ரோடு முழுக்க யாத்திரைக் கூட்டம், மே பேட்ச் என்றால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள்.

என் ஓட்டு ஏப்ரல் கடைசியில் தொடங்கும் பேட்ச்சுக்கு. ஐஸ் ஏற ஆசை என்றால் பேசிக்கில் ஏ கிரேடு வாங்கிக்கொண்டு அட்வான்ஸ்டு கோர்ஸை மழைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு செமஸ்டர் தேர்வு குறுக்கே வரும், அவர்கள் மே கடைசி பேட்ச்சைப் பார்க்கட்டும். வேலையில் இருப்பவர்கள் ஆயுத பூஜை லீவை ஒட்டி அக்டோபரில் போகலாம், தீபாவளிக்கு வீட்டில் இல்லை என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரென்றால். எதுவானாலும் அடுத்த வருட அட்டவணை வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள், கோடை பேட்ச்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், மெடிக்கல் சான்றிதழை மட்டும் அவர்கள் கொடுத்த படிவத்திலேயே டாக்டரிடம் வாங்குங்கள்.