கம்பத்து வீட்டுக்குச் செயற்கைக்கோள் இணையம்: முதலில் வானத்தைப் பாருங்கள்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, அப்பா அம்மாவைக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், விட்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாலிங்கைத் தாண்டி உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஃபைபர் கேபிள் இணையம் அங்கே வரவில்லை. தோட்ட வேலையில் சேர்த்த காசில் அப்பா வாங்கிய நிலம் அது, அதை விட்டு பட்டர்வொர்த் அடுக்குமாடிக்கு வர அவருக்கு மனசில்லை, நானும் இனி வற்புறுத்தப் போவதில்லை. அப்படியென்றால் லைனைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டும்.

செயற்கைக்கோளுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஏணி வைத்துக் கூரை உயரத்துக்கு ஏறி, கைப்பேசியில் 4ஜி எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 2021 கடைசியில் 3ஜியை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போது 4ஜி இருந்தால்தான் உண்டு. சமையலறையில் ஒன்றுமே இல்லாமல் கூரையில் இரண்டு கோடு வந்தால் போதும், வெளியே மாட்டும் ஆண்டெனாவும் சிம் போடும் ரூட்டரும் வேலையை முடித்துவிடும், செலவும் குறைவு. கவரேஜ் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள், அது ஊரைக் காட்டும், உங்கள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் நிற்கிற குன்றைக் காட்டாது. எங்கள் வீட்டில் கூரையிலும் ஒன்றும் வரவில்லை.

சரி, செயற்கைக்கோள்தான் என்று முடிவானால் இரண்டு வகை உண்டு, இரண்டும் முற்றிலும் வேறு வேறு. ஒன்று, பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும் செயற்கைக்கோள். நம் நாட்டு மியாசாட்-3டி இந்த வகை, 2022 ஜூனில் ஏவினார்கள். இன்னொன்று ஸ்டார்லிங்க் மாதிரி சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பவை. விளம்பரத்தில் எல்லாரும் எம்பிபிஎஸ் என்ற வேகக் கணக்கைத்தான் பெரிதாகப் போடுவார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பார்க்க வேண்டியது அதை அல்ல, தாமதத்தை. நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் அது 35,786 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அப்படியே. ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்கே கிட்டத்தட்ட அரை வினாடி ஆகிவிடும், நடுவில் இருக்கிற கருவிகளின் நேரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். யூடியூப் பார்க்க இது ஒரு குறையே இல்லை, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பவும் இல்லை. ஆனால் அம்மா வீடியோ காலில் "சாப்பிட்டியா" என்று கேட்டு, என் பதில் போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் கேட்பார், நானும் அதே நேரத்தில் பேசுவேன், கடைசியில் இரண்டு பேரும் நிறுத்திவிடுவோம். அப்படிப் பேசிப் பேசி அவர்கள் போனையே எடுக்காமல் போய்விடுவார்கள் என்பதுதான் என் பயம். தாழ்வாக ஓடும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, தாமதம் பெரும்பாலும் வினாடியில் இருபதில் ஒரு பங்கைச் சுற்றியே இருக்கும், எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே பேசலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் ஸ்டார்லிங்க் பக்கம் சாய்ந்தோம். 2023 ஜூலையில் அது மலேசியாவில் தொடங்கியபோது மாதக் கட்டணம் 220 வெள்ளி (ரிங்கிட்), கருவிக்கு 2,300 வெள்ளி. கருவி விலை அடிக்கடி மாறுகிறது, வாங்கும் அன்று என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லா வீட்டுக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். மியாசாட்-3டி நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், பினாங்கு இருப்பது அதே கணக்கில் 100 பாகைக்குக் கொஞ்சம் மேலே. நாமும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். அதனால் அந்தச் செயற்கைக்கோள் நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு மேலே, லேசாக மேற்கே சாய்ந்து இருக்கிறது. சுற்றிலும் டுரியான் மரமும் ரப்பர் மரமும் நிற்கும் வீட்டில்கூட, உச்சியில் அந்த ஒரு துண்டு வானம் திறந்திருந்தால் டிஷ் வேலை செய்யும், ஆள் வந்து திசை பார்த்துப் பொருத்திவிட்டுப் போவார். ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கு அது பத்தாது. செயற்கைக்கோள்கள் ஒன்று மாற்றி ஒன்று கடந்து போய்க்கொண்டே இருப்பதால் 100 பாகைக்கும் மேல் விரிந்த வானம் அதற்குத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் செம்பனை மட்டை மறைத்தால் சில நிமிடத்துக்கு ஒரு முறை லைன் அறுந்து அறுந்து வரும். அவர்களுடைய ஆப்பில் கைப்பேசிக் கேமராவை வானத்தைப் பார்த்துச் சுற்றினால் எங்கே மறைக்கிறது என்று காட்டிவிடும், காசு கட்டும் முன்னே இதைச் செய்யலாம். எங்கள் வீட்டில் மறைத்தது வாசலில் நிற்கும் ரம்புத்தான் மரம். அதை வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அம்மா வைத்த மரம். அதனால் வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், இரும்புக் குழாய்க் கம்பம் நட்டு அதன் மேல் மாட்டினோம். செம்பனை வருடா வருடம் வளரும், அதையும் கணக்கில் வைத்துக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மழையைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, மழை இருட்டிக்கொண்டு வந்தாலே டிஷ் டிவி நின்றுவிடும் என்று குழந்தைக்கும் தெரியும். இணையத்துக்கும் அதே கதைதான், அந்த அலைவரிசைகளைக் கனமழையின் துளிகள் உறிஞ்சிவிடும். கொட்டித் தீர்க்கும் நேரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் தானாக வந்துவிடும். அதைவிட இடிக்குத்தான் பயப்பட வேண்டும். வெட்டவெளியில் இரும்புக் கம்பம் நடுகிறோம், வயரிங் தெரிந்தவரை வைத்து எர்த் போட்டுவிடுங்கள், இடி இடித்தால் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் எப்போதிலிருந்தோ இருக்கிறது.

கரண்டையும் யோசியுங்கள். ஸ்டார்லிங்கின் சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 54 முதல் 72 யூனிட் வரை ஆகும், தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டு பில்லில் அது சின்ன விஷயமில்லை. சின்ன வடிவமான மினி 25 முதல் 40 வாட்டில் ஓடும், கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டவும் அதுதான் வசதி.

கேமரா மாட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று: ஸ்டார்லிங்க் வீட்டுத் திட்டத்தில், வெளியிலிருந்து உங்கள் லைனைத் தேடி வர உதவும் இணைய எண்ணான பொது ஐபி முகவரி உங்களுக்கென்று தனியாகக் கிடைக்காது, பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். ரூட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்து வெளியிலிருந்து பார்க்கும், கேமராப் பதிவை வைத்திருக்கும் பழைய டிவிஆர் பெட்டி இதில் ஓடாது, நிறுவனத்தின் கிளவுட் வழியாக ஆப்பில் பார்க்கும் கேமராவாக வாங்குங்கள்.

கணக்கைப் பிள்ளைகள் பெயரிலேயே திறந்து, கட்டணத்தை உங்கள் கார்டிலேயே போட்டுவிடுங்கள். டிஷ் ஓடுகிறதா என்று ஆப்பில் பட்டர்வொர்த்திலிருந்தே எனக்குத் தெரிகிறது. மழை இல்லாத நேரத்தில் ரொம்ப நேரம் நின்றுபோயிருந்தால், 4ஜி வரும் முச்சந்திக் கடை அண்ணனுக்குப் போன் போட்டு, வீட்டில் கரண்ட் இருக்கிறதா, ஒரு எட்டு பார்த்துவிட்டு வாங்கண்ணே என்று கேட்டுக்கொள்கிறேன்.