பழைய ஃபோர்க்லிஃப்ட்: சூடானதும் மந்தமாகிற லிஃப்ட்

நண்பரின் மரவாடியில் நிற்கும் 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்டை ஞாயிற்றுக்கிழமைகளில் சரிபண்ணி வருகிறேன். இன்ஜின் வேலை முடிந்தது, இப்போது ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் சுமை தூக்கும் பகுதி. காலையில் நன்றாகத் தூக்குகிற வண்டி மதியத்துக்குள் மந்தமாகிவிடுகிறது. தூக்கி நிறுத்திய சுமையும் தானாக மெல்ல இறங்குகிறது.

"சார், ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை அரைச் சுத்து டைட் வெச்சா தூக்கிடும்" என்றார் வண்டி ஓட்டும் அண்ணன். ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் திறந்துவிடும் வால்வு அது. எங்கே கேட்டாலும் இதே வைத்தியம்தான். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டாமல் அந்த ஸ்க்ரூவில் கை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. மாஸ்ட்டில் (முன்னால் நிற்கும் தூக்குச் சட்டம்) சங்கிலி இருப்பதால் சிலிண்டர் ஒரு அடி ஏறினால் ஃபோர்க் இரண்டு அடி ஏறும். சிலிண்டர் மேல் விழும் பாரமும் இரட்டிப்பு. 3 டன் சுமைக்கு 6 டன். இதில் 55 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் இரண்டு, மொத்தப் பரப்பு சுமார் 47.5 சதுர செ.மீ. ஆக சதுர செ.மீ.க்கு 126 கிலோ அழுத்தம் வேண்டும். கேரேஜ் (ஃபோர்க் மாட்டியிருக்கும் சட்டம்), உள் மாஸ்ட் எடையும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். மாஸ்ட்டை உச்சிக்கு ஏற்றி லிவரைப் பிடித்தபோது கேஜ் 175 காட்டியது. அழுத்தம் தாராளம். ஆனால் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

சுமையைத் தூக்குவது அழுத்தம், வேகம் கொடுப்பது பம்ப் தள்ளும் ஆயிலின் அளவு. அப்படியானால் பம்ப்புக்கு ஆயில் ஒழுங்காகப் போகவில்லை. டேங்க் மூடியைத் திறந்தால் மேலே மோர் போல நுரை. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் நிறுத்தி வைத்த பிறகும் வெளுப்பு எளிதில் போகாது. இது கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. காற்றுதான். பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்ஷன் பக்கம் ஆயில் வெளியே ஒழுகாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்ஜினை ஐடிலில் விட்டு, சக்ஷன் ஹோஸ் இணைப்புகளில் கிரீஸை அப்பிக்கொண்டே வந்தேன். பம்ப் பக்கத்து கிளாம்ப்பை மூடியதும் பம்ப்பிலிருந்து வந்துகொண்டிருந்த கீச்சு சத்தம் சட்டென்று நின்றது! கிளாம்ப்பைக் கழற்றினால் அடியில் ரப்பர் விறைத்து வெடித்திருந்தது. ஓட ஓட நுரை சேர்ந்ததால்தான் மதியம் அந்த மந்தம்.

ஆயிலை வடிக்கும் ஸ்ட்ரெய்னரில் மரத்தூளும் ஆயிலும் கலந்த பசை அப்பியிருந்தது. டேங்க்குக்குக் காற்று போய்வரும் பிரீதரில் ஃபில்டரே இல்லை, தூள் வந்த வழி அதுதான். புது ஹோஸ், ஸ்ட்ரெய்னர், பிரீதர், 68 கிரேடு ஆயில் மாற்றியாகிவிட்டது. வெயிலில் நாள் முழுக்க ஓடியும் இப்போது ஒரே வேகம்.

அடுத்து இறங்கும் பிரச்சினை. குற்றவாளி சிலிண்டர் பேக்கிங்கா (பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல்), கண்ட்ரோல் வால்வு ஸ்பூலா (ஆயில் வழியைத் திறந்து மூடும் உருளை)? லிஃப்ட் சிலிண்டர் கீழிருந்து மட்டும் தள்ளுகிற வகை. பிஸ்டனைத் தாண்டிக் கசிவது தலைப்பக்க ஹோஸ் வழியாக டேங்க்குக்குத் திரும்பும். ஒரு டன் பாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கேரேஜுக்கு அடியில் கட்டை கொடுத்து, இரண்டு சிலிண்டரின் தலைப்பக்க ஹோஸையும் கழற்றினேன். கட்டை இல்லாமல் மாஸ்ட் பக்கம் போகவே வேண்டாம். அதேபோல கசிவைக் கையால் தடவாமல் அட்டையால் தேடுங்கள். பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கட்டை மேல் படாமல் பாரம் தொங்கும்போது வலது ஹோஸ் உலர்ந்தே இருந்தது, இடது ஹோஸில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிரித்தால் பேக்கிங் உதடு கிழிந்திருந்தது. சிலிண்டர் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், கீறல் இல்லை. சீல் கிட் மாற்றி, பாரமில்லாமல் மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை எடுத்தேன்.

10 நிமிடத்தில் 90 மி.மீ. இறங்கியது இப்போது 15 மி.மீ. இறங்குகிறது. மிச்சம் ஸ்பூல் தேய்மானம். அதற்கு சீல் போட்டுச் சரிசெய்ய வழியில்லை, இந்த வேலைக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன். மாஸ்ட்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டரின் கிளாண்டில் (தண்டு வெளியே வரும் மூடி) ஈரம் தெரிகிறது, கிட் சொல்லியிருக்கிறேன். வந்ததும் பிரிக்கணும்.