மாணவர் பாஸில் பகுதிநேர வேலை: 16 மணி நேரக் கணக்கு

"வாரம் 16 மணி நேரம் எல்லா வெளிநாட்டு மாணவரும் வேலை பார்க்கலாம்" என்று சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மாணவர் பாஸ், அதாவது இங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி, மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் படிக்கும் கல்வி நிலையம் மனிதவள அமைச்சின் பட்டியலில் இருக்க வேண்டும், முழுநேர மாணவராகவும் பதிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் எல்லாம் அதில் உண்டு. தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை கிடையாது. அங்கே படிப்பவர் விடுமுறையில்கூட வேலை செய்ய முடியாது. மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்கள் வாய் திறக்காத விஷயம் இதுதான்.

தகுதி உள்ளவருக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை. பாடத் தவணையில் வாரம் 16 மணி நேரம், விடுமுறையில் வரம்பில்லை. சனி, ஞாயிறு எட்டெட்டு மணி நேரம் உணவகத்தில் நின்றாலே அந்த வாரக் கணக்கு தீர்ந்தது. புதன்கிழமை டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போனால் வரம்பு மீறல். விடுமுறை எது என்பதைக் கல்வி நிலையத்தின் நாட்காட்டிதான் சொல்லும். உங்களுக்கு வகுப்பில்லாத வாரம் விடுமுறை ஆகாது.

உணவு விநியோகத் தளங்களில் நண்பரின் கணக்கை வாங்கி ஓட்டுவது அறவே வேண்டாம். அந்த வேலை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கினாலும் சட்டம் அதேதான்.