கியோட்டோ: நம் தெய்வங்களும் அவர்கள் தோட்டங்களும்

ஜப்பானின் கியோட்டோவுக்குப் போகிறவர்கள் பலரும் பொற்கோயிலையும் ஃபுஷிமி இனாரியின் செந்நிற வாயில்களையும் படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கும்பிடும் மனதோடு போகிறவர்களுக்கு நான் வேறொரு வரிசை சொல்வேன். முதலில் சஞ்சூசங்கென்தோ, அடுத்து தோஜி, இரண்டும் பௌத்தக் கோயில்கள். தோட்டங்களுக்கு அப்புறம் போகலாம். நம் தெய்வங்களை அங்கே கண்டுவிட்ட பிறகு, அந்தத் தோட்டங்களும் சந்நிதிகளாகத்தான் தெரிகின்றன. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

சஞ்சூசங்கென்தோ ஒரு நீண்ட மர மண்டபம். நீளம் ஏறக்குறைய 120 மீட்டர். 1164இல் கட்டியது 1249இல் தீக்கிரையாகி, 1266இல் மீண்டும் எழுந்தது. உள்ளே பௌத்தர்களின் கருணைத் தெய்வமான அவலோகிதேஸ்வரர், ஜப்பானியர் மொழியில் கன்னொன், 1001 திருமேனிகளாக நிற்கிறார். நடுவில் பெரிய மூர்த்தி அமர்ந்திருக்க, இருபுறமும் படிப்படியாக ஆளுயரச் சிலைகள். எல்லாம் மரத்தில் செதுக்கிப் பொன்தகடு ஒட்டியவை. அவற்றில் 124 சிலைகள் அந்தத் தீயிலிருந்து காப்பாற்றப்பட்டவை. எரிகிற கோயிலுக்குள்ளிருந்து சிலைகளைத் தோளில் சுமந்து வெளியே ஓடி வந்தவர்களை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆயிரம் முகங்களில் நாம் பார்க்க ஏங்குகிற ஒருவரின் முகம் கட்டாயம் இருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. என்னோடு வந்திருந்த அம்மா நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், மேல் வரிசையில் ஒன்றைக் காட்டி, "எங்க அம்மா மாதிரியே இல்ல?" என்றாள். எனக்குப் பாட்டியின் முகம் அவ்வளவாக நினைவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது, அது போதும்.

கன்னொன்களுக்கு முன்னால் காவல் தெய்வங்கள் 28 பேர். அங்கேதான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். பறவை அலகும் சிறகுமாய் ஒருவர், கையில் புல்லாங்குழல். "இது நம்ம கருடாழ்வார்தானே, குழல் வாசிக்கிறாரே!" என்று அம்மா கையைக் கூப்பினாள். கருடன் அங்கே 'கருரா'. நாராயணன் 'நராஎன்', பிரம்மா 'பொன்தென்', இந்திரன் 'தைஷாகுதென்'. வசு என்ற முனிவர் விலா எலும்பு தெரிய, தடியூன்றி நிற்கிறார். கண்களுக்குப் படிகம் பதித்திருப்பதால் விளக்கொளியில் அவர் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கிறது. பௌத்தத்தோடு சேர்ந்து மத்திய ஆசியா, சீனா, கொரியா என்று எத்தனையோ தேசம் கடந்து வந்தவர்கள் இவர்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நல்லதுதான், கண் முழுக்கத் தரிசனத்திலேயே இருக்கும்.

தோஜி, ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம். 823இல் பேரரசர் இந்தக் கோயிலை கூக்காய் என்ற மகானிடம் ஒப்படைத்தார். சீனாவுக்குப் போய் மந்திர உபதேசம் பெற்று, ஷிங்கோன் என்ற மந்திர வழி பௌத்த மரபை ஜப்பானில் நிறுவியவர் அவர். அம்மரபில் இன்றும் அக்னி வளர்த்து ஆகுதி தருகிறார்கள். அதற்கு 'கோமா' என்று பெயர், நம் ஹோமமேதான். உபதேச மண்டபத்தில் 21 மூர்த்திகள். நான்முகன் அன்னங்கள் தாங்கிய தாமரைமேல் இருக்கிறார், இந்திரன் யானைமேல். வாகனம் கூட மாறவில்லை! வெளியே ஐந்து நிலைக் கோபுரம், சுமார் 55 மீட்டர். ஜப்பானிலேயே உயரமான மரக்கோபுரம் இதுதான். நான்கு முறை எரிந்து, இப்போது நிற்பது 1644இல் கட்டியது.

இனி தோட்டங்கள். ரியோஆன்ஜி கோயிலின் கல் தோட்டத்தில் மரமோ பூவோ தண்ணீரோ கிடையாது. சுமார் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் வெண்சரளை, அதில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். நம் பெரிய கோயில்களில் "நகருங்க, நகருங்க" என்ற குரலுக்கு நடுவே கணநேர தரிசனத்துக்குப் பழகியவர்கள் நாம். இங்கே யாரும் நகரச் சொல்லவில்லை. கோலமாவுக் கோடுபோல நேராக இழுத்த சரளை வரிகள், கல்லை நெருங்கியதும் வட்டமாக அதைச் சுற்றி வளைகின்றன. கல்லடியில் மட்டும் பாசி. பின்னால் மண்சுவர். அந்தக் களிமண்ணை எண்ணெயில் காய்ச்சிப் பிசைந்தார்களாம். காலப்போக்கில் எண்ணெய் கசிந்து சுவர் முழுக்கப் பழுப்புத் திட்டுகள். யாரும் வரைய முடியாத அழகு அது. அங்கே எனக்குத் தட்சிணாமூர்த்தி சந்நிதிதான் நினைவுக்கு வந்தது. கேட்டு வாங்க எதுவும் தோன்றவில்லை, உட்கார மட்டுமே தோன்றியது.

அங்கிருந்து சிறிய டிராம் பிடித்து, இடையில் ஒரு முறை மாறினால் அராஷியாமா. இறங்கியதும் தென்ரியூஜி. பேரரசர் கோ-தைகோவின் ஆன்ம சாந்திக்காக 1339இல் எழுப்பிய கோயில். அவரை எதிர்த்துப் போரிட்ட அஷிகாகா தகாஉஜியே அதைக் கட்டினார் என்பது மனதைத் தொட்டது. முதல் மடாதிபதி முசோ சோசெகி அமைத்த குளமும் பாறைகளும் இன்றும் இருக்கின்றன. கட்டடங்கள் எட்டு முறை எரிந்தன, தோட்டம் பிழைத்தது. குளத்துக்கு அப்பால் மீன் எதிர்நீச்சலிட்டு டிராகனாக மாறுவதாகக் கதையில் வரும் அருவியைப் பாறைகளாலேயே அடுக்கியிருக்கிறார். பின்னாலுள்ள மலை தோட்டத்தின் ஒரு பகுதியாகவே நிற்கிறது.

உள்ளே நுழைந்ததும் எதிரில் போதிதர்மரின் பெரிய ஓவியம், உருட்டி விழித்த கண்களோடு. தென்னாட்டிலிருந்து சீனா போனவர் என்பது மரபு. காஞ்சி அரச குமாரர் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அவரை வணங்கிவிட்டே தோட்டத்துக்குப் போனோம்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜப்பானில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும், சைவர்கள் கேட்டே சாப்பிட வேண்டும். தென்ரியூஜி வளாகத்திலேயே துறவிகளின் சைவ உணவு கிடைக்கிறது. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத சமையல், ருசிக்குக் கடற்பாசியும் காளானும். நம் மடைப்பள்ளி ஆசாரம் தெரிந்தவர்கள் நிம்மதியாக உட்காரலாம், முன்பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள். முடிந்தால் பயணத்தில் மாதத்தின் 21ஆம் தேதி வரும்படி பாருங்கள். அன்று கூக்காயின் நினைவு நாள். தோஜி வளாகம் முழுக்கச் சந்தை கூடும், உள்ளூர்ப் பாட்டிமார்கள் ஊதுவத்தி ஏற்றி மகானைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடைப்பக்கம் போவார்கள்.