புளியங்கொட்டைக் கணக்கு

"அவன்தான் மேடம் மொதல்ல மொறச்சான்."

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருக்கும் யாருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். சேர்ந்த புதிதில் இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அடித்தவன் நீ, அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், முறைத்ததாம்!

அப்படி வந்தவர்களில் ஒரு பதினாறு வயதுப் பையன். (அடையாளம் தெரியக்கூடாது என்று சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) பேருந்து நிறுத்தத்தில் தகராறு, எதிராளிப் பையனுக்குத் தலையில் 11 தையல். நன்னடத்தை அலுவலர் 15 நாளுக்குள் சமூகப் பின்னணி அறிக்கையை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அவருக்கு என் குறிப்பு தேவை.

வாயால் கேட்டால் ஒன்றும் வரவில்லை. தீப்பெட்டியை மேசையில் கொட்டி, "யார் யார் எங்க நின்னீங்கன்னு வச்சுக் காட்டு" என்றேன். உற்சாகமாக அடுக்கினான். இது டீக்கடை, இது ஷேர் ஆட்டோ, இது நான். தன் செருப்பு வார் அறுந்தது, சட்டையில் இரண்டாவது பொத்தான் தெறித்தது, டீ மாஸ்டர் "டேய்" என்று கத்தியது எல்லாம் நினைவில் இருந்தது. கையில் என்ன வைத்திருந்தாய் என்றதும் குச்சியை உருட்ட ஆரம்பித்தான்.

"என்னமோ கெடச்சுது மேடம்."

"எத்தன அடி?"

"ஒண்ணுதான்."

காயச் சான்றிதழில் மூன்று காயம்.

ஞாபகம் இல்லை என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கும் சித்தப்பாக்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்த பதில் வேகமாக வரும், ஒரே மாதிரி வரும். இவன் தேடித்தான் பார்த்தான். கிடைக்கவில்லை.

1990-இல் உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஆளிடம் இரண்டு கதை எழுதச் சொன்னார்கள்: உன்னை ஒருவர் கோபப்படுத்தியது, நீ ஒருவரைக் கோபப்படுத்தியது. பாதிக்கப்பட்டவராக எழுதும்போது கதை நீண்டது, வலி இன்னும் தொடர்ந்தது. செய்தவராக எழுதும்போது அதே ஆளுக்கு அது என்றோ முடிந்துபோன சின்ன விஷயம், அதற்கொரு நியாயமும் இருந்தது. எழுதியவர்கள் சாதாரண ஆட்கள். படித்தபோது என் நாத்தனாருடன் நடந்த ஒரு சண்டைதான் முதலில் ஞாபகம் வந்தது.

இந்தப் பையன்களிடம் இது இன்னும் கெட்டியாக இருக்கிறது. கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் 1980-இல் சிறுவர்களிடம் நடத்திய சோதனையில், வேண்டுமென்றே செய்ததா தற்செயலா என்று தெரியாத ஒரு சேதத்தை, முரட்டுப் பையன்கள் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள். நம் பேச்சில் அதுதான் 'முறைச்சான்'. அப்பா ஓங்குவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பார் என்று இந்தப் பையன் ஒருநாள் சொன்னான். அந்த வீட்டில் பார்வையைச் சரியாகப் படித்தவன் அடியிலிருந்து தப்பினான். அந்தப் படிப்பைத்தான் பேருந்து நிறுத்தத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அடுத்தது தன்னைத் தானே கவனிப்பது. ஒரு நாளில் எத்தனை முறை கெட்ட வார்த்தை பேசினாய், எத்தனை முறை கை ஓங்கினாய் என்று ராத்திரி ஒரு அட்டையில் கோடு போடச் சொன்னேன். வார்டன் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். பையன் கணக்கில் இரண்டு, வார்டன் கணக்கில் ஒன்பது. மறுநாளும் ஏறக்குறைய அதேதான். "வார்டன் சாருக்கு என்னப் புடிக்காது மேடம்" என்றான். கோபமெல்லாம் இல்லை, மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னான்.

சமையல்கார அக்காதான் வழி காட்டினார். "ராத்திரி கேட்டா எனக்கே காலைல என்ன வடிச்சேன்னு ஞாபகம் இருக்காது. அப்பப்பவே எண்ணச் சொல்லுங்க" என்றபடி, புளி கோது எடுத்து வைத்திருந்த கொட்டையில் ஒரு கைப்பிடி தந்தார். இடது பாக்கெட்டில் இருபது கொட்டை. வார்த்தை வாயை விட்டு வந்ததும் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் விளையாட்டாகப் போனது. ஐந்தாம் நாள் வார்டனுடைய எண் எட்டு, இவனுடையது ஏழு. வார்த்தைகள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கணக்குத்தான் கிட்ட வந்தது. "இவ்ளோவா பேசுறேன்?" என்று கொட்டைகளை மறுபடி எண்ணினான். ஒருவரும் குற்றம் சாட்டாமல் தன்னைப் பற்றி அவன் ஆச்சரியப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் பங்குக்கும் ஒன்று நடந்தது. குறிப்பை எழுத உட்கார்ந்து, 'வருத்தம் தெரிவிக்கவில்லை' என்று முதல் வரி எழுதிவிட்டேன், அவ்வளவு நிச்சயம். தேதி பார்க்க நோட்டைப் புரட்டினால், இரண்டாம் சந்திப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'அவனுக்கு இப்ப எப்படி இருக்கு மேடம்னு கேட்டான். பதில் சொல்லவில்லை.' அன்று எனக்கு அடுத்த பையன் காத்திருந்தான். அவன் கேட்டதும் போய்விட்டது, நான் பதில் சொல்லாததும் போய்விட்டது. மனதில் மிஞ்சியிருந்தது 'மொறச்சான்' மட்டும்தான். அந்த வரியை அடித்துவிட்டு, அவன் கேட்ட கேள்வியைத் தேதியோடு எழுதினேன்.

வாய்தாவுக்கு முந்தைய நாள் மறுபடி தீக்குச்சிகளைக் கொட்டினேன். டீக்கடை, ஆட்டோ, அவன், இவன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டோவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குச்சியை வைத்தான்.

"இங்க ஒரு பாட்டி நின்னுச்சு மேடம். விடுடா விடுடான்னு என் கையப் புடிச்சு இழுத்துச்சு."

"எப்ப? மொத அடிக்கு முன்னாடியா?"

"இல்ல மேடம்" என்றான். "ரெண்டாவதுக்கு அப்புறம்."