ஆளுக்கொரு தாள் போய், எல்லோருக்கும் ஒரே தாள்

குழந்தைகள் நரம்பியல் மறுவாழ்வு வார்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவராக இருக்கிறேன். ஒரே குழந்தையைப் பற்றி ஆளுக்கொரு தாளில் எழுதுவதுதான் எங்கள் வழக்கமாக இருந்தது. பிசியோ தசை இறுக்கத்தை எழுதுவார், பேச்சுப் பயிற்சியாளர் விழுங்குவதை எழுதுவார், நர்ஸ் இரவு எப்படிப் போனது என்று எழுதுவார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் அநேகமாகக் குழந்தையின் அம்மா ஒருவர்தான்.

இதை மாற்றத்தான் உலக சுகாதார நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த, ஒருவரின் உடல்நிலையையும் அன்றாடச் செயல்பாட்டையும் விவரிக்கும் ஐசிஎஃப் வகைப்பாட்டைக் கையில் எடுத்தோம். உடலின் செயல்பாடு, உடல் அமைப்பு, செயல்களும் பங்கேற்பும், சூழல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறியீடு தருகிறது. மொத்தம் 1,400-க்கும் மேல். அத்தனையையும் வார்டில் நிரப்ப முடியுமா? எங்கள் குழந்தைகளுக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கி ஒரே தாளில் அடக்கினோம். எதை விடுவது என்பதில்தான் வாக்குவாதம் அதிகம்.

எனக்கு இதில் பிடித்தது, செயல்களுக்கு இரண்டு மதிப்பெண் போடச் சொல்வது. குழந்தையால் எவ்வளவு முடியும் என்பதற்கு ஒன்று, தான் இருக்கும் இடத்தில் நிஜமாக எவ்வளவு செய்கிறது என்பதற்கு ஒன்று. 0 என்றால் சிரமமே இல்லை, 4 என்றால் அறவே முடியவில்லை. தலையில் அடிபட்டு வந்த ஒரு சிறுவனுக்குச் சாப்பிடுவதில், அதாவது டி550 என்ற குறியீட்டில், தெரபி அறையில் பார்த்து நான் போட்டது 1. வார்டில் பார்த்து நர்ஸ் போட்டது 3. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் கண்ணில் பட்டது.

சரி என்று சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்திருந்தான். சாயாமல் பிடித்துக்கொள்ளவே ஒரு கை போய்விட்டது. ஸ்பூன் பட்டதும் தட்டு நகர்ந்தது. பாதி சாப்பிடுவதற்குள் தட்டை எடுக்க ஆள் வந்துவிட, அம்மா அவசர அவசரமாக ஊட்டினார்.

காலுக்கு ஒரு ஸ்டூல், தட்டுக்கடியில் வழுக்காத விரிப்பு, சாப்பிடக் கூடுதல் நேரம். மூன்றையும் சூழல் பகுதியில், யார் பொறுப்பு என்பதோடு எழுதினோம். கைக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் கூட்டாமலே அவன் வார்டில் தானாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது. 3 என்பது 50 முதல் 95 சதவீதச் சிரமம் வரை. 90-லிருந்து 55-க்கு இறங்கி வந்த குழந்தையும் தாளில் அதே 3-ல்தான் நிற்கும். அவ்வளவு பாடுபட்ட குழந்தைக்கு அது நியாயமே இல்லை. அதனால் பெற்றோரோடு உட்கார்ந்து -2 முதல் +2 வரை போகும் இலக்கு அளவுகோலையும் சேர்த்து எழுதுகிறோம்; எதிர்பார்த்த இலக்கை எட்டினால் 0, அதைத் தாண்டினால் கூட்டல், எட்டாவிட்டால் கழித்தல். அதில் ஒரு சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்வதற்குக்கூட ஒரு படி உண்டு.