ஒரு வார்டு, ஆறு வேட்புமனுக்கள்

மாநகராட்சியின் மன்றப் பிரிவில் இளநிலை உதவியாளராக நான் சேர்ந்தது 1995ஆம் ஆண்டு. அப்போது மன்றப் பிரிவு இருந்தது, மன்றம் இல்லை. கூட்ட அரங்கின் நாற்காலிகள் ஒரு மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மன்றம் இல்லாத காலத்தில் அதன் இடத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலரின் தீர்மானங்களைப் பதிவேட்டில் எழுதிக் கோப்பில் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. சென்னையில் 1973ல் கலைக்கப்பட்ட மாமன்றத்துக்கு அதுவரை தேர்தலே நடந்திருக்கவில்லை. 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தமும், அதையொட்டி அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையமும் சேர்ந்து, 1996 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளுக்குத் தேர்தலைக் கொண்டுவந்தன. அன்று மாநிலத்தில் மொத்தமே ஆறு மாநகராட்சிகள். எங்களுடையது அவற்றில் ஒன்று.

அந்தத் தேர்தல் முதல் 2022 வரை ஒரே வார்டுக்கு ஆறு முறை வேட்புமனு கொடுத்த ஓர் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறில் நான்கு முறை வென்றார், ஒரு முறை தோற்றார், ஒரு மனு வாக்குப்பதிவை எட்டவே இல்லை. 2001ல் எனக்கு வேறு பணி கொடுத்துவிட்டார்கள். மற்ற ஐந்து மனுக்களையும் உதவித் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சரிபார்த்து வாங்கினேன். அவருடைய பெயரும் வார்டு எண்ணும் கட்சியும் இங்கே வேண்டாம். தன்னைப் பற்றி எழுதுவதை விரும்பாதவர் அவர்.

1996ல் மனுக் கொடுக்க வந்தபோது பேசியதெல்லாம் அவருடைய கணவர்தான். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பல ஆண்டுகளாகக் கட்சி வேலை செய்து காத்திருந்தவர் அவர். அதனால் மனைவியை நிறுத்தினார்கள். மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் வந்த அந்த முதல் தேர்தலில் இப்படி வந்த வேட்பாளர்களை நாங்கள் நிறையப் பார்த்தோம். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியையும் படித்து முடித்த பிறகுதான் பேனாவை வாங்கினார். கணவர் அவசரப்படுத்தினார், அவர் அவசரப்படவில்லை. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வென்றார். முதல் ஓராண்டு மாமன்றக் கூட்டங்களில் அவர் வாயே திறக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் கணவர் இருப்பார். எங்கள் அலுவலர்களில் பலரும் அவரைத்தான் 'கவுன்சிலர் சார்' என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அந்தத் தவறு எங்களுடையது. எந்தச் சட்டமும் அப்படிக் கூப்பிடச் சொல்லவில்லை.

அவர் முதன்முதலாக எழுந்து பேசிய நாள் எனக்கு மறக்காது. குடிநீர் விநியோகம் பற்றிய பொருள் விவாதத்தில் இருந்தது. வார்டுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடப்படுவதாகப் பொறியியல் பிரிவு குறிப்பு வைத்திருந்தது. அவர் ஒரு நீள நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, தன் வார்டில் ஒவ்வொரு தெருவுக்கும் அந்த மாதம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று வரிசையாகப் படித்தார். குற்றச்சாட்டு எதுவும் சொல்லவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தெருப் பெயர், தேதி, நேரம், அவ்வளவுதான். பத்து நிமிடம் அரங்கம் அமைதியாக இருந்தது. படித்து முடித்ததும், "இதையும் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டும்" என்று மேயரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சேர்த்தது நான்தான். மறுவாரம் உதவிப் பொறியாளர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்து அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டார். வால்வு திறக்கும் ஊழியர்களின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததாம்.

அந்த நோட்டைப் பிறகு நான் பலமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கோடு போட்ட, கெட்டி அட்டை நோட்டு. இடப்பக்கம் மனுவின் விவரம்: யார், எந்தத் தெரு, என்ன கேட்கிறார், எப்போது சொன்னார். வலப்பக்கம் அது எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் போனது, தபால் பிரிவில் கொடுத்த எண் என்ன. வேலை முடிந்தால் பச்சை மையில் ஒரு கோடு. நோட்டு தீர்ந்துபோனால், கோடு விழாத வரிகளை மட்டும் பழைய தேதியோடு அப்படியே புது நோட்டின் முதல் பக்கங்களில் எழுதிக்கொள்வார். தெருவிளக்கு, வரிப் பெயர் மாற்றம், அடைத்துக்கொண்ட பாதாளச் சாக்கடை, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை, முதியோர் உதவித்தொகை. கடைசியாகச் சொன்னது மாநகராட்சியின் வேலையே கிடையாது, வருவாய்த் துறையைச் சேர்ந்தது. ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பாட்டிக்கு அந்தத் துறைக் கணக்கெல்லாம் எதற்கு என்பார்.

2001ல் இன்னும் கூடுதலான வாக்குகளில் வென்றார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது 2006. இரண்டு தேர்தல்களாகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வார்டு அந்த ஆண்டு பொது வார்டாக மாறியது. 1996லும் 2001லும் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006ல் மாமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இவை தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள். உள்ளே இருந்து பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேயரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு வார்டு வேட்பாளரும் கட்சிக்கு மேயர் தேர்தலில் விழப்போகும் ஒரு வாக்கு. அப்போது தெருவில் அவருக்கு இருக்கும் பெயரைக் காட்டிலும், அந்த வாக்கு கைமாறாது என்ற நம்பிக்கைக்கே எடை கூடிவிடுகிறது. பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தும், பொது வார்டில் ஒரு பெண்ணை எதற்கு நிறுத்த வேண்டும் என்ற கேள்வி கட்சிக்குள் எழுந்ததாக அவரே பின்னாளில் என்னிடம் சொன்னார். இடம் வேறொருவருக்குப் போனது.

மனுத் தாக்கலின் கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரத்தில், முன்மொழிபவராகத் தெருக்காரர் ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் வரவில்லை. படிவத்தில் கட்சியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'சுயேச்சை' என்று எழுதியபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பரிசீலனையில் தள்ளிவிடக் கூடாது" என்றார். ஐம்பதுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார்.

தோற்ற மூன்றாம் நாள் தேர்தல் செலவுக் கணக்கோடு வந்து நின்றார். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் கணக்குத் தர வேண்டும், தராவிட்டால் மூன்று ஆண்டுகள் போட்டியிட முடியாது என்பது விதி. தோற்ற வேட்பாளர்களை நாங்கள்தான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பி வரவழைப்போம். அப்படியும் பலர் வருவதில்லை. அவருடைய கணக்கு ஒன்றரைப் பக்கம்: துண்டறிக்கை அச்சு, ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி, முகவர்களுக்குச் சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ரசீது குத்தியிருந்தது. கணக்கைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். கோடு விழாத வரிகளுக்கு இனி எந்த வழியில் மனுக் கொடுப்பது என்று கேட்டார். உறுப்பினரின் கடிதம் என்றால் மன்றப் பிரிவிலேயே வாங்கி, எண் போட்டு, துறைக்கு அனுப்பிவிடுவோம். முன்னாள் உறுப்பினருக்கு அந்த உரிமை இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. அவர் தலையசைத்துவிட்டுக் கீழே போய்ப் பொதுத் தபால் வரிசையில் நின்றார். அடுத்த ஐந்து ஆண்டுகளும் மக்கள் குறைதீர்க்கும் நாள்களில் அந்த வரிசையில் அவரைப் பார்த்தேன். வார்டின் அன்றைய உறுப்பினரைப் பற்றி ஒரு குறைச் சொல்லும் நான் கேட்டதில்லை.

2011ல் மேயர் பதவிக்கு மறுபடியும் நேரடித் தேர்தல் வந்தது. கூட்டணிகள் கலைந்து கட்சிகள் பெரும்பாலும் தனித்தனியே நின்றன. வார்டுகளில் பலமுனைப் போட்டி. வாக்குகள் சிதறியதால்தான் அவர் வென்றார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் வாக்கு எண்ணும் கூடத்தில் சாவடி வாரியாக எண்ணிக்கையை எழுதியவன் நான். 2006ல் அவருக்குக் கைகொடுக்காத, வார்டின் தெற்குக் கோடியில் இருந்த இரண்டு சாவடிகளிலும் இம்முறை அவர்தான் முன்னிலை. அந்தப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்காக, பதவியில்லாத அந்த ஐந்தாண்டுகளில் அவர் கொடுத்த மனுக்களுக்கு எண் போட்டவர்கள் எங்கள் தபால் பிரிவுக்காரர்கள். ஒரு மாமன்ற உறுப்பினருக்கு வாக்கு எங்கிருந்து சேர்கிறது என்பதை அன்றுதான் கணக்காகப் பார்த்தேன். பிரசாரத்துக்குக் கிடைப்பவை சில நாள்கள். அதில் புதிதாகச் சொல்லி நம்பவைக்க வார்டுக்குள் இடமே இல்லை. வாக்காளருக்கு வேட்பாளரின் வீடு தெரியும், அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பதும் தெரியும்.

ஐந்தாவது மனு 2016ல். அந்த ஆண்டுதான் பெண்களுக்கான இட ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அக்டோபர் 3ஆம் தேதி மனுத் தாக்கல் முடிந்தது. மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்த மனுக்களை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த மாதமே மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது; தனி அலுவலர்கள் வந்தார்கள்.

பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு சொல்கிறது. வார்டு மறுவரையறை, நீதிமன்ற வழக்குகள் என்று காரணங்கள் இருந்தன. ஊரகப் பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநகராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டுகளின் தீர்மானப் பதிவேடுகளை எழுதியதும் எங்கள் பிரிவுதான். ஆணையர் வைக்கும் குறிப்பு, அதன் கீழே தனி அலுவலரின் ஒப்புதல். இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து, ஏனென்றால் இருவரும் ஒருவரே. அந்த அதிகாரிகள் திறமையாகவே வேலை செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு தீர்மானத்தின் கீழும் ஒரு கேள்வி பதிவாகவில்லை. 'இந்தத் தெருவில் தண்ணீர் இத்தனை மணிக்குத்தான் வந்தது' என்று எழுந்து சொல்ல யாரும் இல்லை. அந்தப் பதிவேடுகளை இன்று புரட்டினாலும் எனக்கு மனம் வலிக்கிறது.

அவர் மறுபடியும் பொதுத் தபால் வரிசைக்கு வந்தார். கொரோனா ஊரடங்கில் அலுவலகம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தபோது, வெளிக்கதவில் வைத்த பெட்டியில் மனுக்களைப் போட்டுவிட்டுப் போவார். உறையின் மேலேயே தெருப் பெயர் எழுதியிருக்கும்.

2022 பிப்ரவரியில் மாநிலத்தில் 21 மாநகராட்சிகளின் 1,374 வார்டுகளுக்குத் தேர்தல். சொத்து விவரம், வழக்கு விவரம், உறுதிமொழி ஆவணம் என்று மனு 1996ல் இருந்ததைவிடப் பலமடங்கு தடித்திருந்தது. இம்முறை கணவர் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். மகளோடு வந்தவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் முறை செய்ததைப் போலவே ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் பொறுமையிழந்து ஏதோ சொன்னார். "படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது தம்பி, நாளைக்குக் கோப்பு உங்களிடம் வரும்போது தெரியும்" என்று திரும்பாமலேயே சொன்னார்.

நான்காம் முறையாக வென்று மார்ச் 2ஆம் தேதி பதவியேற்றார். அரங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் புதியவர்கள். மாமன்ற உறுப்பினர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்ததெல்லாம் அடுத்த ஆண்டு ஜூலையில்தான். அதுவரை அமர்வுப்படியை வைத்தே அத்தனை ஆண்டுகளும் ஓட்டியிருக்கிறார்.

முதல் சாதாரணக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு எங்கள் பிரிவுக்கு வந்தார். நோட்டு புதிது, முதல் பக்கத்தில் வரிகள் மட்டும் பழையவை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரியின் தேதி 1998. ஒரு முட்டுச்சந்துக்குக் குடிநீர்ப் பகிர்மானக் குழாய் நீட்டிப்பு. நான்கு முறை மதிப்பீடு போட்டு நான்கு முறையும் நின்றுபோன வேலை. அதைக் கேள்வியாகத் தர வேண்டும் என்றார். நான் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுதி முடித்து, எண் போட்ட பிறகு, அந்த எண்ணை நோட்டின் வலப்பக்கத்தில் குறித்துக்கொண்டு மூடினார்.